மாணிக்கத்துக்கு ஏற்ற மண்

தாசில்தாருடைய ஆமை மூன்று நாளாக மண்ணில் கால் வைக்க மறுத்தது.

கீரை வைக்கும் மண்தட்டின் மேல் ஏறி நின்றுகொண்டது; கீரையையும் தொடவில்லை. கழுத்தை நீட்டிக் கீழே கிடக்கும் மண்ணை ஒரு பார்வை பார்க்கும். பிறகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரெவினியூ இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம் பிள்ளைக்கு அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை. சங்கரன்கோவில் தாலுகாவில் அவர் பொறுக்கி எடுத்த மண்ணை அதுவரை எந்த ஜீவனும் குறை சொன்னதில்லை.

மண் விஷயத்தில் பிள்ளை சாமானியப்பட்டவர் அல்ல. ஒரு சிட்டிகை மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தால் போதும்; எந்த ஊர், என்ன தரம், நஞ்சையா புஞ்சையா என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை திருவேங்கடத்துப் பக்கம் ஒருவன் பருத்தியில் இன்னொருவன் மாடு இறங்கி மேய்ந்துவிட்டது. மாட்டுக்காரன் தன் மாடு அந்தத் திசைக்கே போகவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக நின்றான். பிள்ளை மாட்டின் காலைத் தூக்கி, குளம்பிடுக்கில் இருந்த மண்ணைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“இது ஓடைக்கு மேக்க உள்ள சுக்கான்கல் கரிசல். உன் மாடு அங்கன என்னலே பண்ணுச்சு?” என்று கேட்டார்.

மாட்டுக்காரன் அப்படியே காலில் விழுந்தான். அன்றிலிருந்து தாலுகா முழுவதும் அவருக்கு மண்ணுப்பிள்ளை என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். பிள்ளை அதைச் சர்க்கார் கொடுத்த பட்டம் போல வைத்துக்கொண்டார்.

அவரிடம் ஆமை வந்து சேர்ந்ததற்குக் காரணமும் மண்தான். நாடு குடியரசாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. தாசில்தார் சங்கரநயினார் கண்புரை ஆபரேஷனுக்காக நாற்பது நாள் லீவில் மெட்ராசுக்குப் புறப்பட்டார். மனைவியை இழந்தவர், பிள்ளைகுட்டி இல்லை. பன்னிரண்டு வருஷமாக மாணிக்கம் என்ற அந்த ஆமைதான் அவருக்கு வீட்டில் துணை. ஸ்ரீவைகுண்டம், கோவில்பட்டி, அம்பாசமுத்திரம் என்று எங்கே மாற்றலானாலும் டவாலிச் சேவகன் முகம்மது ஹுசைனும், ஹுசைன் மடியில் மாணிக்கமும் கூடவே போவார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஆபீசில் எல்லோரையும் வைத்துக்கொண்டு தாசில்தார் தம் கவலையைச் சொன்னார். தீனி பெரிய விஷயம் இல்லை, எந்தக் கீரையையும் தின்னும். கடிக்கிற சுபாவம் கிடையாது. படுக்கிற மண்தான் முக்கியம். கல் குத்தக் கூடாது. ஈரம் தங்கக் கூடாது. தூசி மூக்கில் ஏறக் கூடாது. தோண்டிப் படுத்தால் மேலே சரியக் கூடாது. அவர் சொல்லி முடிக்குமுன் ஆபீஸ் முழுவதும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது.

பிள்ளை எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“நாப்பது நாள் கழிச்சு இதே மாணிக்கத்தை ஒரு கீறல் இல்லாம உங்க கையில தாரேன். மண்ணறிஞ்சவன் பேச்சு, ஐயா.”

பேச்சுக்குப் பின்னால் ஒரு ஆசையும் இருந்தது. ஜில்லாவில் மறுபடியும் மண் தரம் பிரிக்க ஒரு ஸ்பெஷல் பார்ட்டி வரப்போகிறது என்றும், தாலுகாவுக்கு ஒரே ஒரு ஆளைத் தாசில்தார் சிபாரிசு செய்யலாம் என்றும் ஆபீசில் பேச்சு. ஊர் ஊராக, காடு காடாக நடந்து, மண்ணை எடுத்துத் தேய்த்துத் தரம் எழுதுகிற வேலை. அதற்குச் சம்பளம் வேறு கொடுப்பார்களாம். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் பிள்ளை ஆசைப்பட்டது அது ஒன்றுதான். ஆமைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஆசை அத்தோடு சரி.

அவர் மனைவி முத்துமீனாளுக்கு ஆமையே ஆகாது. வீட்டில் ஆமை நுழைந்தால் என்னென்ன வினை வரும் என்று அவள் பிறந்த வீட்டில் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். முதல் நாளே அதை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். பிள்ளை காதில் போட்டுக்கொள்ளவில்லை. புறவாசலில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி, சேறு பூசி, ஒரு முழ உயரத்துக்குத் தொட்டி கட்டினார். திருவேங்கடத்துப் பாதையிலிருந்து அரை வண்டி கரிசல் வரவழைத்து, வீட்டில் மாவு சலிக்கும் சல்லடையில் மூன்று தரம் சலித்து, ஒரு சாண் உயரத்துக்கு மெத்தை மாதிரி பரப்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுட்ட முறுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஆனி மாசச் சாரல் ஒன்று தூறிவிட்டுப் போனது. அவ்வளவுதான், கரிசல் களியாகி மாணிக்கத்தின் நாலு காலிலும் உருண்டை உருண்டையாக அப்பிக்கொண்டது. வெயில் அடித்ததும் உருண்டைகள் கல்லாக இறுகின. அது நடந்தால் யாரோ கொட்டாங்கச்சியைத் தட்டுவது போலக் கேட்டது. பிள்ளை வெந்நீர் வைத்து, உட்கார்ந்து, நாலு காலையும் கழுவிவிட்டார். கழுவி இறக்கிவிட்ட கையோடு அது தட்டில் ஏறியதுதான். மூன்று நாளாக இறங்கவில்லை.

“கரிசல் வேண்டாம்னு சொல்லுது,” என்றாள் முத்துமீனாள்.

“கரிசலுக்கு மேல ஒரு பூச்சு வேணும்னு சொல்லுது,” என்றார் பிள்ளை.

போட்ட மண்ணைத் திருப்பி எடுப்பது அவரைப் பொறுத்தவரை எழுதின உத்தரவைக் கிழித்துப் போடுவது மாதிரி. அடிமண் அப்படியே இருக்கட்டும், மேலே புளியங்குடிப் பாதையில் கிடைக்கும் செவ்வல் மண்ணை நாலு விரற்கடை கனத்துக்குப் போட்டால் போதும் என்று தீர்மானித்தார். வீட்டுக்கு விறகு கொண்டுவரும் இசக்கித்தாய் ஊருக்கு வெளியே முட்காட்டில் ஆடு மேய்ப்பவள். அவளுக்குத் தெரியாத பாதை கிடையாது. அவளிடம் சொன்னதும் சாயங்காலத்துக்குள் எட்டு ஓலைப்பெட்டி செவ்வல் வந்து இறங்கியது.

மறுநாள் காலையில் பிள்ளை பல் விளக்குமுன் போய்ப் பார்த்தார். ஆமை தட்டில் இல்லை. செவ்வல் மேல் ஜம்மென்று உலாத்திக்கொண்டிருந்தது. பிள்ளை உள்ளே ஓடி அடங்கல் நோட்டை எடுத்துவந்தார். ஆமைக்கென்று தனியாக ஒரு அடங்கல் போட்டிருந்தார்: தேதி, மண்ணின் தரம், ஆமையின் நீளம், நிறம், குணம். முதல் நாள் நீளம் பத்து விரற்கடை. இன்றைக்கு அளந்தால் எட்டரை. ஓட்டின் கறுப்பும் கொஞ்சம் வெளுத்து, மஞ்சள் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

முத்துமீனாள் கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். சேலைக் கரை முழுவதும் நாயுருவி ஒட்டியிருந்தது. ஆமைக்குக் கீரை பறிக்கப் போனதாகச் சொன்னாள். ஆமை என்றாலே முகம் சுளித்தவள், அதற்காக விடியுமுன் காட்டுக்குப் போயிருக்கிறாள் என்றதும் பிள்ளைக்கு மனசு குளிர்ந்தது.

“மீனா, மாணிக்கம் ஒன்றரை விரற்கடை சின்னதாப் போயிருக்கே, பாத்தியா?”

முத்துமீனாள் செம்பைக் கீழே வைத்தாள். மூணு நாள் பட்டினி கிடந்ததல்லவா, இளைத்திருக்கும் என்றாள்.

பிள்ளை தலையை ஆட்டி மறுத்தார். பட்டினி கிடந்தால் சதை இளைக்கும், ஓடு இளைக்குமா? இதில் வேறு சூட்சுமம் இருக்கிறது. முருங்கையடியில் குறுக்கும் நெடுக்கும் நாலு நடை நடந்தார். அப்புறம் நின்றார், சூட்சுமம் பிடிபட்டுவிட்டது.

“கரிசலோட சுபாவம் என்ன? மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அது மேல கிடந்த உசுருக்கு அந்தச் சுபாவம் ஒட்டாதா? உப்பிக் கிடந்த ஓடு செவ்வல் மேல ஏறினதும் சுருங்கிட்டு.”

“ஒட்டும். கண்டிப்பா ஒட்டும்,” என்றாள் முத்துமீனாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், மண்ணைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை அவள் எதிர்ப்பேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். பிள்ளைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ‘மண்ணால் மாறும் ஓடு’ என்று அடங்கலில் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து ஹுசைன் வருவார். ஆமையைப் பார்த்துவிட்டு, தாசில்தாருக்குக் கடுதாசி போடவேண்டும் என்று அவருக்கு உத்தரவு. அந்த வெள்ளிக்கிழமை அவர் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்ற முத்துமீனாளைப் பார்த்தார். லேசாக இருமினார். பிள்ளை தம் கண்டுபிடிப்பை ஆதியோடந்தமாக விளக்கினார். மண் என்னமும் செய்யும் ஐயா என்று ஹுசைன் மரியாதையாகச் சொல்லி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

ஆடி பிறந்தது. ஆடியோடு காற்றும் பிறந்தது. செவ்வல் தூசி எழும்பிப் புறவாசலையே மஞ்சள்குங்குமம் கொட்டின மாதிரி ஆக்கியது. ஆமை கண்ணைத் திறக்கவில்லை; மூக்கில் குமிழ் குமிழாக நீர் விட்டது. தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொன்னார் அடுத்த வீட்டுத் தறிக்காரர் சங்கரசுப்பு. தெளித்ததும் செவ்வல் இறுகி அப்பளம் போலப் பொருக்கு வைத்தது. ஆமை கால் வைத்த இடமெல்லாம் பொருக்கு உடைந்து கூர்கூராக நின்றது. கல் குத்தக் கூடாது என்றால் மண் குத்துகிறது.

பிள்ளை அசரவில்லை. அரிசி மில்லிலிருந்து இரண்டு சாக்கு உமி வரவழைத்தார். உமிக்குத் தூசி கிடையாது, ஈரத்தைத் தங்கவிடாது, பஞ்சு மாதிரி. செவ்வலுக்கு மேலே நாலு விரற்கடை உமி.

மறுநாள் காலையில் ஆமையைக் காணவில்லை. பிள்ளை பதறி உமிக்குள் கையை விடப்போன சமயத்தில் முத்துமீனாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“தொடாதிய. உள்ள பொதைஞ்சு தூங்குது. நான் என் கண்ணால பாத்தேன்.”

பிள்ளை இரண்டு அடி பின்னால் வந்து தொட்டியைக் கும்பிடாத குறையாக நின்றார். தோண்டிப் படுத்திருக்கிறது! தாசில்தார் சொன்ன நாலாவது லட்சணம் அல்லவா அது. அன்று முதல் புறவாசலில் யாரும் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று உத்தரவானது. சங்கரசுப்புவிடம் போய், மாணிக்கம் எழுந்திருக்கும் வரை தறியை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். பாவில் பாதிச் சேலை நிற்கிறதே என்று அவர் தயங்கியபோது, இது சர்க்கார் சம்பந்தப்பட்ட தூக்கம் என்று பிள்ளை எடுத்துச் சொன்னார். இரண்டு நாள் தறி ஓடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாணிக்கம் உமிக்கு மேலே வந்திருந்தது. பக்கத்தில் இசக்கித்தாய் வெறும் பெட்டியோடு நின்றாள். விறகு வேண்டுமா என்று கேட்க வந்தாளாம். பிள்ளை அவளைக் கவனிக்கவில்லை. விரலால் ஆமையை அளந்துகொண்டிருந்தார். பதினொன்று! உமிச் சூட்டில் உப்பியிருக்கிறது. கீரையை வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை, செம்பருத்திப் பூவைப் பாய்ந்து தின்றது. நிறத்தை மாற்றுகிற மண் ருசியையும் மாற்றுகிறது என்று அடங்கலில் ஏறியது.

பூவின் ஈரத்தோடு உமியும் வாயில் ஒட்டிக்கொண்டது. இது தொண்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று பயந்து பிள்ளை நகத்தால் உமியை எடுக்கப்போனார். மாணிக்கம் அவர் ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. மண் பார்க்கிற விரல்! மஞ்சள் பத்துப் போட்டுக் கட்டிய விரலோடு ஆபீசுக்குப் போனவரைப் பார்த்து, பன்னிரண்டு வருஷத்தில் மாணிக்கம் யாரையும் கடித்ததே இல்லையே என்று குமாஸ்தாக்கள் ஆச்சரியப்பட்டார்கள். உமி சூடு, சூடு ஏறினால் கோபம் வரும், இது தெரியாதா என்றார் பிள்ளை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சோறு இறங்கவில்லை. பதினைந்து நாள்தான் மிச்சம் இருந்தது.

முத்துமீனாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த வேலை உங்களுக்குத்தான். உங்க மண்ணுக்கு ஒரு குறையும் வராது. நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள்.

அவள் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று பிள்ளை கேட்கவில்லை. சொன்ன தோரணையே அவருக்குப் போதுமாக இருந்தது. இரண்டு கை சோறு கூடச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவர் மூளையில் பளிச்சென்றது. இந்த ஊரில் இருந்துகொண்டு மண்ணுக்கு வேறு எங்கே தேடுவது? கோவிலில் நெற்றியில் இட்டு, வாயிலும் போட்டுக்கொள்கிற புற்றுமண் இருக்கும்போது! சொறி சிரங்கு முதல் வயிற்றுவலி வரை எல்லாவற்றுக்கும் ஊரே அதைத்தான் நம்புகிறது. ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த புற்று ஒன்றைக் கண்டுபிடித்து, வாய்க்குள் போட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கறையான் சலித்த மண்ணை மனுஷனால் சலிக்கவே முடியாது, வெண்ணெய் மாதிரி.

நாலு விரற்கடை புற்றுமண் உமிக்கு மேலே ஏறியது. இப்போது தொட்டி விளிம்புவரை நிரம்பிக் கட்டில் போல மட்டமாக நின்றது. தீனித் தட்டை வைக்கக் குனியக்கூட வேண்டாம் என்று பிள்ளை பெருமைப்பட்டுக்கொண்டார். மறுநாள் ஆமை ஒன்பதரை விரற்கடைக்கு இறங்கியிருந்தது. கடிக்கவில்லை. சாந்தமாக இருந்தது. புற்றுமண்ணின் குணம் உடனே பிடித்துவிட்டது என்று அடங்கலில் சிவப்பு மையில் எழுதினார்.

வினை ஆடித்தபசு வடிவத்தில் வந்தது. திருநாளுக்குச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குவிந்தார்கள். சங்கரசுப்பு வீட்டில் தங்கியிருந்த உறவுக்காரி ஒருத்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். முதுகு முழுவதும் நட்சத்திரம் போட்ட ஆமை, புற்றுமண் மேலே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் நிற்கிற ஊர் இது. புற்று சங்கரன் பக்கம், ஆமை நாராயணன் பக்கம். அவளுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் புறவாசல் கொள்ளாத கூட்டம். இது தாசில்தார் வீட்டு ஆமை என்று பிள்ளை தொண்டை கிழியச் சொன்னார். தாசில்தாருக்கே அருள் கொடுக்கிற ஆமை என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. முதலில் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை புற்றுமண் எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் முந்தானையில் அள்ளினார்கள். புற்றுமண் தீர்ந்ததும் உமியை அள்ளினார்கள். உமி தீர்ந்ததும் செவ்வலைத் தோண்டினார்கள். தொட்டிக்குள் நூறு கை விழுந்து துழாவியது. முத்துமீனாள் ஒரு பெரிய பனையோலைப் பெட்டியை ஆமை மேல் கவிழ்த்து, சாமி மிரண்டுபோயிருக்கிறது, ஒரு நாள் யாரும் திறக்கக் கூடாது என்று கூட்டத்துக்கும் புருஷனுக்கும் சேர்த்து உத்தரவு போட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு அதிகாரத்தைப் பிள்ளை கேட்டதில்லை.

திருநாள் முடிந்து ஜனம் வடிந்தபோது தொட்டியில் ஒரு சாண் ஆழம் காணாமல் போயிருந்தது. கரிசலும் செவ்வலும் உமியும் புற்றுமண்ணும் ஒன்றோடொன்று கலந்து, என்ன தரம் என்று எழுத முடியாத ஒரு மண் அடியில் கிடந்தது. பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்தார். முத்துமீனாள் பெட்டியைத் தூக்கினாள். மாணிக்கம், இப்போது ஒன்பது விரற்கடை, நாலு எட்டு நடந்தது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. மண் காலில் ஒட்டவில்லை. தூசி பறக்கவில்லை. பறித்த குழி சரியவில்லை. அது குழிக்குள் இறங்கி, சுகமாகக் கழுத்தை நீட்டி, கீரையைத் தின்றது.

பிள்ளை ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டுப்போட்ட விரலால் தேய்த்தார். நாக்கில் வைத்தார். இருபத்திரண்டு வருஷமாக மண்ணைப் பிரித்துப் பிரித்தே பழகியவருக்குச் சேர்க்கவேண்டும் என்று தோன்றாமலே போயிருக்கிறது. கரிசல் இரண்டு பங்கு, செவ்வல் ஒரு பங்கு, உமி அரைப் பங்கு, புற்றுமண் கால் பங்கு என்று நிதானித்து எழுதினார். அதற்குப் பிறகு மாணிக்கம் சுருங்கவும் இல்லை, உப்பவும் இல்லை. தாசில்தார் வரும் நாள்வரை அதே ஒன்பது விரற்கடை. தாலுகாவில் அன்றைக்குப் பிள்ளையைவிட நிமிர்ந்து நடந்தவர் யாரும் கிடையாது.

தாசில்தார் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், குதிரை வண்டியில் நேரே பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். மூக்கில் சோடாப் புட்டி அடி மாதிரி புதுக் கண்ணாடி. எறும்பின் காலைக்கூட இப்போது எண்ண முடிகிறது என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே சொன்னார். கதவுக்குப் பின்னால் முத்துமீனாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தாசில்தார் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“மாணிக்கமா இது?” என்றார்.

கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தார்.

“இந்த ஓட்டுல இத்தனை மஞ்சள் கோடு இருந்ததா? இத்தனை வருஷமும் புரை மறைச்சிருக்கே. எல்லாம் இந்தக் கண்ணாடியோட மகிமை, பிள்ளைவாள்.”

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். பிள்ளையால் முடியவில்லை. நாற்பது நாள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது அவர், பெயர் கண்ணாடிக்கா?

“கண்ணாடி இல்லை, ஐயா. மண்ணு,” என்றார்.

அடங்கலைப் பிரித்து வாசித்தார். கரிசலில் பத்து, செவ்வலில் எட்டரை, உமியில் பதினொன்று, புற்றுமண்ணில் ஒன்பதரை, கலவையில் ஒன்பது. நிறம் வெளுத்தது, ருசி மாறியது, கோபம் வந்தது, தணிந்தது, எல்லாம் தேதிவாரியாக. உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“ஆமை சுருங்கி விரியுமா, பிள்ளைவாள்? இது என்ன பேச்சு?”

பிள்ளை அடங்கலை முன்னும் பின்னும் புரட்டினார். அப்போது பின்னால் நின்ற ஹுசைன் லேசாக இருமினார்.

“கோவில்பட்டியில இருக்கும்போது ஒரு தடவை சுருங்கிச்சுல்லா ஐயா. நீங்ககூடக் கேட்டிய. அதுவும் கரிசல் சீமைதான.”

தாசில்தாரின் முகம் மலர்ந்தது. ஆமாம், கோவில்பட்டியில் சுருங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் திடீரென்று பெருத்தது. அங்கே ஆற்று வண்டல். அம்பாசமுத்திரத்தில் ஓடு கறுத்தது. பன்னிரண்டு வருஷமாகத் தமக்கு விளங்காமல் இருந்த விஷயத்தை ஒரு மனுஷன் நாற்பது நாளில் விளக்கிவிட்டானே என்று பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஸ்பெஷல் பார்ட்டிக்கு இந்தத் தாலுகாவிலிருந்து வேறு பெயர் போனால் அது பாவம், இன்றைக்கே எழுதுகிறேன் என்று சொல்லி வண்டி ஏறினார். ஆமையையும் அதன் மண்ணையும் கொண்டுவர ஹுசைன் பின்தங்கினார்.

பிள்ளை உள்ளே போய், மண் கலக்கும் விகிதத்தை நல்ல எழுத்தில் ஒரு தாளில் பெயர்த்தெழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். தாளை ஆட்டி மை உலர்த்தியபடி புறவாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முத்துமீனாள் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

ஆமையே ஆகாது என்று பட்டியல் படித்தவள்! பிரிய மனசில்லாமல் அழுகிறாள். தம் மண்ணும் தம் வீடும் ஒரு உயிர்மேல் இப்படிப் பாசம் வைக்கச் செய்திருக்கின்றன என்று நினைத்ததும் பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்ததைவிடப் பெருமையாக இருந்தது. ஆறுதல் சொல்ல ஒரு அடி எடுத்து வைத்தார். மண் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஹுசைன், பிள்ளை வந்ததைப் பார்க்காமல், அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“நாலு ஆமை மாத்துனதுக்கே இப்படி நடுங்கி அழுதா எப்படிம்மா? பன்னெண்டு வருசமா ஐயாவுக்குத் தெரியாம நான் மாத்துனது பத்தொம்பது.”